புரட்டிப் போட்ட பிறகும் பொருந்த வேண்டும்: மரத்தில் இருபக்க சிஎன்சி செதுக்கல்

செராஸிலிருந்து பாலாகோங் வரை உள்ள தொழிற்பேட்டைகளுக்கு சிஎன்சி ரவுட்டர் புதிதல்ல. சமையலறை அலமாரிக் கதவு, கடைப் பெயர்ப்பலகை, சாமி அறைக் கதவில் ஓம், மயில், தாமரை என்று நாள்தோறும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வேலைகள் எல்லாம் பலகையின் ஒரு முகத்தோடு முடிந்துவிடுகின்றன. பல்லாங்குழி போன்ற படகு வடிவச் சொங்காக், முன்னும் பின்னும் உருவம் உள்ள பிள்ளையார், உள்ளே குழிந்து வெளியே வளைந்த அகப்பை போன்றவற்றைக் கணினி மாதிரியிலிருந்து வெட்டித் தரக் கேட்டால் பல பட்டறைகள் தயங்குகின்றன. மெஷின் போதாது என்பார்கள். சாஃப்ட்வேர் இல்லை என்பார்கள். சாதாரண மூன்று அச்சு ரவுட்டரும், கைக்கு எட்டும் விலையில் உள்ள மென்பொருளும் இந்த வேலைக்குப் போதும் என்பது என் முடிவு. புரட்டிப் போட்ட கட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இயந்திரத்துக்கு எப்படித் தெரிவிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

மர உருவத்தை இயந்திரத்தால் பிரதி எடுக்கும் ஆசைக்கு இருநூறு ஆண்டு வயது. நீராவி இயந்திரத்தால் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட், தம் கடைசிக் காலத்தில் சிற்பங்களைப் பிரதி எடுக்கும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய பட்டறையை இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காணலாம். அவர் மறைந்த 1819ஆம் ஆண்டில், அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மாதிரியைத் தடவிச் செல்லும் சக்கரத்தின் அசைவு அதில் கத்திக்குக் கடத்தப்பட்டது. 1952இல் எம்ஐடி எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டியதும், மாதிரியின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன. பிளான்சார்டின் இயந்திரத்தில் மாதிரியும் கட்டையும் சேர்ந்தே சுழன்றதால் புரட்டும் சிக்கல் எழவே இல்லை. தட்டையான மேசையும் மேலிருந்து இறங்கும் பிட்டும் கொண்ட ரவுட்டரோடுதான் அது வந்து சேர்ந்தது.

மேலிருந்து நேராகப் பார்த்தால் எந்தப் பரப்பு கண்ணுக்குத் தெரிகிறதோ, அதை மட்டுமே மூன்று அச்சு இயந்திரம் வெட்டும். கட்டையைப் புரட்டினால் அடிப்பக்கத்திலிருந்து தெரியும் பரப்பும் கிடைக்கும். இந்த இரண்டு பார்வைக்கும் அகப்படாத இடத்தை இயந்திரம் எட்டாது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, மாதிரியைக் கணினியில் சுழற்றிப் பார்த்து, எந்தக் கோட்டில் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிரித்தால் மறைவிடம் மிகக் குறைவாக வரும் என்று முடிவெடுப்பது. மீனுக்கும் கரண்டிக்கும் சொங்காக்குக்கும் அந்தக் கோடு உடனே கிடைத்துவிடும். பிள்ளையாரின் தும்பிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள சந்தில் அது தடுமாறும்.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே கேரித் தீவுக்குப் போக வேண்டும். அங்கே வாழும் மாமேரி பழங்குடியினர் நீரே மரத்தில் தம் மூதாதை ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகிறார்கள். அவற்றுள் புகழ்பெற்றது 'ஹரிமாவ் பெரந்தாய்' என்னும் சங்கிலிப் புலி. புலியும் அதைப் பிணைத்த சங்கிலியும் ஒரே கட்டையிலிருந்து வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்கள் தனித்தனியே அசையும். ஒட்டு எங்கும் இல்லை. மாமேரி சிற்பங்களுக்கு யுனெஸ்கோவின் தரமுத்திரை கிடைத்திருக்கிறது. இருபக்கச் செதுக்கலால் அந்தப் புலியின் முதுகையும் வயிற்றையும் வெட்டலாம். சங்கிலியைத் தொட முடியாது. இயந்திரம் எங்கே நிற்கும், கை எங்கே தொடங்கும் என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

புரட்டாமல் முழு உருவம் வெட்ட மாற்று வழிகள் உண்டு. நான்காவது அச்சாகச் சுழலும் தலையை மேசையில் பொருத்தினால் தூண், நாற்காலிக் கால், நீண்ட உருண்டை உருவங்கள் நன்றாக வரும். அகலமான தட்டைப் பொருளுக்கு அதனால் பயன் இல்லை. ஐந்து அச்சு இயந்திரம் பெரும்பாலான மறைவிடங்களை எட்டும், ஆனால் விலை சிறு பட்டறைக்கு ஆகாது. மூன்றாவது வழி, உருவத்தைக் கணினியில் அடுக்கடுக்காக அறுத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனிப் பலகையில் வெட்டி ஒட்டுவது. கோயில் வாகனம் போன்ற பெரிய வேலைக்கு இதுதான் வழி. அதிலும் ஒவ்வொரு அடுக்கையும் புரட்டித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் புரட்டக் கற்றுக்கொள்வதைத் தவிர்க்க முடியாது.

எடுத்துக்காட்டாக ஒரு சொங்காக் பலகையை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பல்லாங்குழிக்கு நெருங்கிய உறவு அது. இரண்டு வரிசையில் ஏழேழு குழிகள், இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. அந்தப் பெரிய குழியை மலாய்க்காரர்கள் 'ரூமா' என்பார்கள். மேலே குழிகள், கீழே படகின் அடிவயிறு போன்ற வளைவு. மறைவிடமே இல்லாத வடிவம் என்பதால் முதல் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. 700 மில்லிமீட்டர் நீளம், 180 அகலம், 42 பருமன் கொண்ட சொங்காக்குக்கு 820 நீளம், 240 அகலம், 50 பருமன் உள்ள கட்டை வேண்டும். சுற்றிலும் மிஞ்சும் சட்டம் வீண் அல்ல. வேலையின் பாதி அந்தச் சட்டத்தில்தான் நடக்கிறது.

கட்டையின் இடத்தைக் காப்பாற்ற மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. மேசையில் செங்கோணமாக இரண்டு தடுப்புக் கட்டைகளை அடித்து, மூலையில் பலகையை அணைத்து வைப்பது முதல் முறை. வேகமானதுதான்; ஆனால் புரட்டியதும் பலகையின் எதிர் விளிம்பு தடுப்பை ஒட்டி வரும். இரண்டு விளிம்புகளும் முற்றிலும் இணையாக இல்லாவிட்டால் பிழை நேராகப் பொருளில் விழும். இரண்டாவது முறை, பலகையை அளவெடுத்து நடுக்கோடு கீறி, கண்ணால் பார்த்து மறுபடி சுழியத்தை, அதாவது இயந்திரம் அளக்கத் தொடங்கும் புள்ளியை, வைப்பது. சுழியம் நடுக்கோட்டிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினாலும், புரட்டியதும் அந்த விலகல் எதிர்ப்பக்கம் சேர்ந்து அரை மில்லிமீட்டராக இரட்டிக்கும். பக்கவாட்டில் கைவிரலுக்குத் தட்டுப்படும் படியாக அது நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் வேலையைக் கைவிடுகிறார்கள்.

மூன்றாவது முறை முளை. நம்பத் தகுந்தது அது ஒன்றே. புரட்டும் அச்சாக நீளவாட்டு நடுக்கோட்டைத் தேர்ந்துகொண்டு, அந்தக் கோட்டின் இரு முனையிலும், வீணாகப் போகும் சட்டப் பகுதியில், 8 மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்றை இயந்திரமே போட வேண்டும். துளை கட்டையை ஊடுருவி, கீழே விரித்த பலகைக்குள்ளும் 10 மில்லிமீட்டராவது இறங்கட்டும். மேல் பக்கம் வெட்டி முடிந்ததும் கட்டையைத் தூக்கி, கீழ்ப்பலகைத் துளைகளில் எஃகு முளைகளைச் செருகி, புரட்டிய கட்டையை அவற்றின்மேல் இறக்கினால் போதும். துளைகள் புரட்டும் கோட்டின்மேலேயே இருப்பதால் புரட்டிய பிறகும் அதே இடத்தில் வந்து அமரும். போட்டது இயந்திரம், ஆகவே அவை எங்கே இருக்கின்றன என்பதும் அதற்குத் தெரியும். இடையில் நீள அகலச் சுழியத்தை மாற்றவோ தேடவோ கூடாது. இரண்டு முளைகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது: துளையில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால், 760 மில்லிமீட்டர் இடைவெளியில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத சாய்வு, 100 மில்லிமீட்டர் இடைவெளியில் பலகையின் கோடி வரை வளர்ந்துவிடும் சாய்வு. மர முளை நம் ஊர் ஈரத்தில் ஊதும், அதனால் எஃகு. எந்த அச்சில் புரட்டப் போகிறோம் என்று மென்பொருளில் கொடுத்ததும் கையால் புரட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். சொங்காக்கில் இது மாறினாலும் தெரியாது. பிள்ளையாரில் மாறினால் முகத்துக்குப் பின்னால் பாதம் வந்து நிற்கும்.

நீள அகலத்தில் இவ்வளவு கவனம் காட்டுபவர்கள்கூட உயரத்தில் சறுக்குகிறார்கள். ஐம்பது என்று கணினியில் எழுதிய கட்டை உண்மையில் 49.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்துக்கும் சுழியத்தைக் கட்டையின் மேல் முகத்தில் வைத்தால், பொருள் அரை மில்லிமீட்டர் மெலிந்து வரும். இரண்டு பக்கத்துக்கும் மேசைப் பரப்பில் வைத்தால் அரை மில்லிமீட்டர் தடித்து வரும். முதல் பக்கத்துக்குக் கட்டையின் மேல் முகத்தில் சுழியம் வைத்து, புரட்டிய பிறகு மேசைப் பரப்பில் வைத்தால் பிழையே இல்லை. முதலில் மேலே இருந்த முகம்தான் இப்போது மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே முகத்திலிருந்து அளக்கப்படுகின்றன. கட்டையின் பருமன் எப்படி இருந்தாலும் பொருளின் பருமன் மாறாது. கருவிக் கையேடுகள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. குழிக்கும் அடிவளைவுக்கும் நடுவில் எட்டு, பத்து மில்லிமீட்டர் சுவர் மட்டுமே மிஞ்சும் சொங்காக்கில் இதுதான் பொருள் பிழைக்குமா ஓட்டை விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. மேசையின் கீழ்ப்பலகையை வேலைக்கு முன் அதே இயந்திரத்தால் ஒரு முறை சீவிச் சமன் செய்திருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது? சொங்காக்கில் குழிப் பக்கம்தான் முதலில். அதன் தட்டையான விளிம்பு புரட்டிய பிறகு மேசையில் உறுதியாக அமரும். படகு வயிற்றை முதலில் வெட்டினால், வளைந்த அடிப்பக்கத்துக்குத் தாங்கல் போதாமல் பலகை ஆடிக்கொண்டிருக்கும். தட்டையான பக்கமே இல்லாத உருவத்தில், முதல் பக்கத்துப் பள்ளங்களை மெழுகோ பிளாஸ்டரோ ஊற்றி நிரப்பித் தாங்கல் கொடுக்கலாம். பொருளைச் சட்டத்தோடு பிணைக்கும் பாலங்களை மர நார் ஓடும் திசையில், அதாவது நீளவாட்டு முனைகளில் வைக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே வைத்த பாலம் கடைசி நிமிடத்தில் முறிந்தால், விடுபட்ட பொருளைச் சுழலும் பிட் தூக்கி எறியும். பொருளும் போகும், பிட்டும் போகும், அருகில் நிற்பவருக்கும் ஆபத்து.

எந்த மரம் என்ற கேள்விக்கு நான் தயங்காமல் ரப்பர் மரம் என்பேன். நம் முன்னோர் பால் வெட்டிய மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்ததும், வெகுகாலம் வரை விறகாகவே போனது. பூஞ்சைக் கறையும் துளைக்கும் வண்டும் வெட்டிய சில நாளிலேயே தாக்கும் என்பதால் அதைத் தச்சு மரமாக யாரும் மதிக்கவில்லை. அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்ற பிறகு, 1980களில் மலேசியத் தளபாடத் தொழிலின் முதுகெலும்பாகவே அது மாறிவிட்டது. வெளிர் நிறம், நெருங்கிய நார், நடுத்தர எடை. பிட் எந்தத் திசையில் வந்தாலும் பெரிதாகப் பிய்வதில்லை. துண்டு துண்டாக ஒட்டிய பலகையாகக் கிடைப்பதால் முறுக்கமும் குறைவு. மெராந்தி மலிவு, ஆனால் சில கட்டைகளில் நார் பஞ்சாகச் சிலும்பி நுண்ணிய முகவேலை மங்கிவிடும். செங்கால் கிளந்தான், திரங்கானு செதுக்கர்களின் மரம்; அழகும் உறுதியும் நிகரற்றவை என்றாலும், பயிற்சி நிலையில் அந்த விலைக்கும் கடினத்துக்கும் போக வேண்டியதில்லை.

மரம் அசையும் என்பதை மறந்தால் முளையும் கைவிடும். சூளையில் உலர்ந்த ரப்பர் பலகையில் ஈரம் 8 முதல் 12 விழுக்காடு. செராஸின் திறந்த பட்டறைக் காற்றில் கிடந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு முகத்திலிருந்து பெருமளவு மரத்தை எடுத்துவிட்டு இரண்டு நாள் போட்டு வைத்தால், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து பலகை வளையும், மேசையில் அமராது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். முடியாத பெரிய வேலையானால் இரண்டு பக்கமும் கரடாக வெட்டி, சில நாள் ஆறவிட்டு, அதே முளையில் மறுபடி ஏற்றி இறுதி வெட்டு வெட்டலாம்.

இனி கணினி மாதிரி. பெரும்பாலும் எஸ்டிஎல் கோப்பாகத்தான் கைக்கு வரும். 1987இல் திரீடி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக உருவான அந்த வடிவத்தில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்ற செய்தி இல்லை. 700 மில்லிமீட்டர் சொங்காக் பதினேழு மீட்டருக்கு மேல் நீண்டு திரையில் நின்றால் காரணம் இதுதான். பழைய மரப்பொருளைப் பல கோணங்களில் படம் எடுத்து மாதிரியாக்கும் முறை இன்று கைப்பேசியிலேயே நடக்கிறது. பளபளப்பில்லாத மரம் அதற்கு ஏற்றது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தால் உண்மை அளவு தவறாது. மென்பொருள்களில் வெக்ட்ரிக்கின் ஆஸ்பயர் புரட்டும் வேலையை நேரடியாகக் கையாளும். ஃபியூஷனிலும் இலவசமான ஃப்ரீகேடிலும் கொஞ்சம் பாடுபட்டால் செய்யலாம். ஒரு காலத்தில் செதுக்கல் என்றாலே ஆர்ட்கேம்தான். அதை உருவாக்கிய டெல்கேமை 2014இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018இல் ஆர்ட்கேமை நிறுத்தியது. பிறகு கார்வெகோ என்ற பெயரில் அது தொடர்கிறது. உங்கள் மாதிரிகளை ஒரே மென்பொருளின் கோப்பில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள், எஸ்டிஎல்லாகவும் ஒரு பிரதி இருக்கட்டும்.

வெட்டும் நேரத்தைப் பற்றித் தேவையற்ற அச்சம் உண்டு. 6 மில்லிமீட்டர் உருண்டை முனைப் பிட் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடினால், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் மிஞ்சும் மேடு 0.015 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 0.042. சொங்காக்கின் ஒரு முகத்தில் முதல் கணக்குக்கு 210 மீட்டர் ஓட்டம், நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் 70 நிமிடம். இரண்டாவது கணக்குக்கு 42 நிமிடம். எப்படியும் மணற்காகிதம் பிடிக்கப் போகும் பொருளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே போதும். குழியின் செங்குத்துச் சுவரில் மட்டும் நெருக்கி ஓட்டலாம். இதற்கு முன் தட்டை முனைப் பிட்டால் கரடு வெட்டு ஒன்று உண்டு. ஆழமான உருவத்துக்கு நீளமான பிட் தேடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வெளியே நீட்டிய நீளம் இரட்டித்தால் பிட் வளைவது எட்டு மடங்கு, தடிமன் பாதியானால் பதினாறு மடங்கு. அடியில் தடித்து முனையில் கூம்பிய பிட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமான செலவு.

தாமான் வீட்டின் பின்கட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தத்தைவிடத் தூசிதான் பகை. மரத்தூசியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் அருகிலேயே தூசி உறிஞ்சியும், முகத்தில் சரியான கவசமும் இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட்டக் கூடாது. பிள்ளைகள் தூங்கும் வீட்டில் ஓட்டவே கூடாது.

கைச்செதுக்கர்களின் பிழைப்பை இது கெடுக்குமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே கட்டையில், உருவம் எடுக்கிறார்கள். அந்தப் பெயரில் இயந்திர வேலையை விற்பது ஏமாற்று. ஆனால் கரடு வெட்டையும் உடலின் பொது வடிவத்தையும் இயந்திரத்துக்கு விட்டு, கண்ணையும் விரலையும் ஆபரணத்தையும் சந்துகளையும் உளியால் முடிப்பது நேர்மையான கூட்டு. வாங்குபவருக்கு அதைச் சொல்லி விற்றால் போதும். மாமேரி உருவங்களை ஸ்கேன் செய்து பெருக்குவது வேறு கதை. அவை அந்த மக்களின் மூதாதையர். அவர்களின் ஒப்புதல் இன்றி யாரும் தொடக் கூடாது. மற்றவர் மாதிரிகளுக்கும் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். கலைப்படைப்புக்குப் படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் காப்பு உண்டு.

நம்மிடம் உரிமையோடு எடுத்துக்கொள்ளக் கூடிய செல்வமும் இருக்கிறது. கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், பத்துமலை வட்டாரக் கோயில்களில் பழைய மர வாகனங்களும் சிறு தேர்களின் பொம்மைகளும் உள்ளன. காது உடைந்த குதிரைக்கும் அலகு போன அன்னத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆசாரி வரும் வரை காத்திருக்கிறோம். சில சமயம் பழையதை ஓரங்கட்டிவிட்டுப் புதியது வாங்குகிறோம். உடைந்த அந்தக் காதின் மறு இணையைப் படமெடுத்து, கணினியில் இடவலம் மாற்றி, ரப்பர் மரத்தில் இருபக்கமும் வெட்டிக் கொடுக்கச் செராஸிலேயே இயந்திரம் இருக்கிறது. பொருத்தி முடிக்க ஓர் ஆசாரியின் சில மணி நேரம் போதும். கோயில் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை ஒரு வாகனத்துக்கு வண்ணம் பூசும் முன், அல்லது அதைக் கழித்துக்கட்டும் முன், அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்து ஒரு மாதிரி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இயந்திரம் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.